பூருலுக்கு மாற்றிச் சொன்ன சார்பகம்

அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்த ஜோல்தோஷ் வாத்தியாருக்கு டீ தயாராக இல்லை. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் இது முதல் தடவை. கோச்கோர் பள்ளத்தாக்கே ஆடிய நிலநடுக்கத்தன்றுகூட அவருக்கு டீ வந்துவிட்டது. கிண்ணம்தான் கொஞ்சம் ஆடியது.

வாத்தியார் தலையிலிருந்த வெள்ளைக் கம்பளித் தொப்பியைக் கழற்றாமல் அடுப்படியில் போய் நின்றார். கெட்டில் காலி. அடுப்பு சில்லென்று கிடந்தது. அவர் மனைவி பூருல் மேஜை முன்னால் உட்கார்ந்து ஒரு காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"டீ எங்கே?"

"இதோ வைக்கிறேன். முதல்ல இதைக் கேளுங்க. ரோட்டோரமா கூட்டுறவுக்காரங்க புதுசா பால் குளிரூட்டுற நிலையம் கட்டினாங்கல்ல, அதுக்குப் பொறுப்பாளர் வேணும்னாங்க. நான் எழுதிப் போட்டேன்."

"எதை?"

"விண்ணப்பத்தை."

வாத்தியார் உட்கார்ந்துவிட்டார். நாற்காலி இருக்கிறதா என்று பார்க்காமல் உட்கார்ந்ததால், தரையில் உட்கார்ந்தார்.

"அதுல ஒரு தேர்வு உண்டு" என்றாள் பூருல். "பால் எத்தனை மணிக்கு எவ்வளவு சூடா இருக்குன்னு ஒரு மெஷின் கோடு போட்டுக்கிட்டே இருக்கும். அந்த வரைபடத்தைப் பார்த்துப் படிக்கத் தெரியணும். சார்பகம், வீச்சகம் எல்லாம் கேக்குறாங்க. இருபத்தொண்ணாம் தேதி காலையில எட்டு மணிக்கு நிலையத்துக்கு வந்துடணும்னு..."

"போதும்" என்றார் வாத்தியார்.

அவள் பேச்சை எப்போதும் அந்த இடத்தில்தான் அவர் வெட்டுவார். பாதி கேட்டால் மீதியைத் தானே ஊகித்துவிடலாம் என்பது கணக்கு வாத்தியாராகிய அவருடைய நம்பிக்கை.

ஊகித்தும்விட்டார். பால் நிலையம் விடிகாலை ஐந்தரைக்குத் திறக்கும். அப்படியானால் பூருல் ஐந்து மணிக்கே கிளம்புவாள். அப்படியானால் மாட்டை யார் கறப்பது? கோங்குர் என்ற அந்தப் பழுப்பு மாட்டுக்கும் அவருக்கும் ஆகாது. போன தடவை பூருல் பிஷ்கெக்கில் படிக்கும் மகளைப் பார்க்கப் போனபோது அவர் கறக்க உட்கார்ந்தார். மாடு உதைத்த உதையில் வாளி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். ரொட்டி யார் சுடுவது? எல்லாவற்றுக்கும் மேலாக, டீ?

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரரிடம் யோசனை கேட்கப் போனார். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் காப்பார். பெயர்தான் காப்பார், இதுவரை யாரையும் காப்பாற்றியதாகத் தகவல் இல்லை. அவருடைய மனைவி போன வருஷம் தபால் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டு ரொட்டியைக் காப்பார்தான் சுடுகிறார். இப்போதும் முழங்கைவரை மாவோடுதான் வந்து கதவைத் திறந்தார்.

"அண்ணே, பூருல் வேலைக்குப் போறாளாம்" என்றார் வாத்தியார்.

காப்பார் முகத்தில் ஓர் ஒளி வந்தது. தனியாகக் கிடந்த சிறைக்கு இன்னோர் ஆள் வரப்போகிறான் என்று கேள்விப்பட்டவரின் ஒளி. ஆனாலும் அவர் நல்ல மனுஷர். ஒளியை அடக்கிக்கொண்டார்.

"போகாதேன்னு சொல்லிட்டியா?"

"இன்னும் இல்லண்ணே."

"சொல்லிடாதே. நான் சொன்னேன். அதனாலதான் அவ போனா. தடுத்தா பிடிவாதம் வரும், வாத்தியாரே. உதவி பண்ற மாதிரி பண்ணு. தேர்வுல அவளே தோத்துட்டு வரட்டும். நீ சமாதானம் சொல்லு. அவ அழுவா. டீ கொடுப்பா."

"தோக்க மாட்டாளே. அவளுக்குப் புத்தி உண்டு."

"சொல்லித் தர்ற ஆளுக்குப் புத்தி இருக்கா?" என்று கேட்டுவிட்டுக் காப்பார் உள்ளே ஓடினார். ரொட்டி கருகும் வாசனை வந்துவிட்டது.

வாத்தியார் வாசலிலேயே நின்றார். தன் மனசில் வந்த எண்ணத்தைப் பார்த்துத் தானே அதிர்ந்துபோனார். இருபத்திரண்டு வருஷமாகக் கணக்கு சொல்லித் தருகிறார். ஒரு பிள்ளைக்கும் தெரிந்து தப்பாகச் சொன்னதில்லை. ஆனால் பூருல் பிள்ளை இல்லையே, பெண்டாட்டிதானே என்று மனசு ஒரு வழக்கறிஞரைப் போல வாதாடியது. அன்று சாயங்காலமே நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போய் அவள் எதிரில் உட்கார்ந்தார்.

பூருல் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவர் நோட்டோடு வந்து உட்கார்ந்ததைப் பார்த்ததும் அவள் கை நின்றுவிட்டது.

"என்னங்க?"

"வரைபடம் சொல்லித் தரலாம்னு வந்தேன்."

"எனக்கா?"

"வேற யாருக்கு?"

"இல்லீங்க, நேத்தே நான் சொல்ல வந்தது என்னன்னா..."

"போதும். கையைக் கழுவிட்டு வா."

அவர் வரைந்தார். "படுக்கைக் கோடு நேரம். நிமிர்ந்த கோடு சூடு. பால் ஊத்தும்போது பூஜ்யம் மணி. சூடு முப்பத்தஞ்சு டிகிரி. மூணு மணி நேரத்துல நாலுக்கு இறங்குது. அப்புறம் நாலுலயே நிக்குது. பத்தாவது மணியில லாரி வந்து பாலை எடுத்துட்டுப் போயிடுது. கோடும் அங்கேயே முடிஞ்சுது."

வகுப்பில் இதற்கு மேல் அவர் சொல்வது அந்த வட்டாரத்திலேயே பிரசித்தம். வரைந்த கோட்டுக்கு நேர் மேலே ஒரு விளக்கைப் பிடித்தால் அதன் நிழல் தரையில் எங்கிருந்து எங்கே விழுமோ, அது சார்பகம். இந்தப் பாலுக்குப் பூஜ்யத்திலிருந்து பத்து மணிவரை. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் நிழல் சுவரில் எங்கிருந்து எங்கே விழுமோ, அது வீச்சகம். நாலிலிருந்து முப்பத்தைந்து டிகிரிவரை. தரை சார்பகம், சுவர் வீச்சகம். காய்ச்சலில் பிதற்றும்போதுகூட அவர் இதை மாற்றிச் சொன்னதில்லை.

இப்போது மாற்றிச் சொன்னார்.

"சுவர்ல விழுற நிழல் சார்பகம். தரையில விழுறது வீச்சகம்." நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பூருல் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

"சார்பகம்னா யாரையாவது சார்ந்து கிடக்கிற வீடுன்னுல்ல நினைச்சேன்" என்றாள்.

"அதெல்லாம் இல்ல."

"வீச்சகம்? பால் கெட்டுப்போனா அடிக்குமே, அந்த வீச்சமா?"

"பாடத்தைக் கவனி."

"கவனிக்கிறேன். அப்போ இந்தப் பாலோட சார்பகம் நாலுலேர்ந்து முப்பத்தஞ்சு."

"ஆமா."

"வீச்சகம் பூஜ்யத்துலேர்ந்து பத்து."

"ஆமா. தேர்வுல இப்படியே எழுது."

பூருல் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "தலை கிலை வலிக்குதா?"

"எனக்கா? இல்லையே."

"கண்ணு மங்கலா தெரியுதா?"

"இல்ல. ஏன்?"

"சும்மா கேட்டேன். நல்லா சொல்லித் தர்றீங்க."

மறுநாள் டீயோடு ஒரு தட்டில் அக்ரூட் பருப்பும் தேனும் வந்தன. அவர் அதிர்ந்தே போனார். அக்ரூட் விருந்தாளிக்கு வைக்கிற பண்டம். வீட்டுக்காரன் கண்ணில் அது பட்டதே கிடையாது. போதாததற்கு மருந்தக நர்ஸிடம் இரவல் வாங்கிய கருவியை அவர் கையில் மாட்டி ரத்த அழுத்தமும் பார்த்தாள். நன்றியில் பெண்கள் எவ்வளவு உருகிவிடுகிறார்கள் என்று நினைத்தபோது அவருக்கே தொண்டை அடைத்தது. அடைத்த தொண்டையில் அக்ரூட் சுலபமாகவே இறங்கியது.

மூன்றாம் நாள் புள்ளிப் பாடம். கோட்டின் முனையில் முழுப்புள்ளி இருந்தால் அந்த எண்ணும் கணக்கில் சேரும், வெறும் வட்டம் இருந்தால் சேராது. அதையும் அவர் தலைகீழாகச் சொன்னார். தப்பு செய்வதும் ஒரு பழக்கம்தான். மூன்று நாளில் கை வந்துவிடுகிறது. பூருல் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். பிறகு நோட்டை இழுத்துத் தானே ஒரு வளைகோடு போட்டாள். ஒரு முனையில் முழுப்புள்ளி, மறு முனையில் வெறும் வட்டம்.

"இதோட சார்பகம் ரெண்டுலேர்ந்து ஏழு. ரெண்டு சேரும், ஏழு சேராது. சரியா?"

சரிதான். அச்சுப் பிசகாமல் சரி. தரை நிழலைத்தான் படித்திருந்தாள், புள்ளியையும் சரியாகவே படித்திருந்தாள். வாத்தியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. நெற்றியில் வேர்வை முளைத்தது.

"தப்பு" என்றார். "நீ தரையைப் பார்க்கிறே. சுவரைப் பாரு. புள்ளியையும் மாத்திட்டே."

"ஓ, நான்தான் மாத்திட்டேனா?"

"நீதான்."

"சரிங்க" என்று பூருல் அழித்துவிட்டுத் தப்பாக எழுதினாள்.

மறுநாள் டீ வந்தது. அக்ரூட் வரவில்லை. தீர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

ஆனால் பாடம் மட்டும் நிற்கவில்லை. அதுதான் அவரையே வியக்கவைத்தது. பள்ளிக்கூடம் விட்டதும் கால் தானாக வீட்டுக்கு விரைந்தது. வரைபடம் கால் மணி நேரம், பேச்சு இரண்டு மணி நேரம் என்று ஆகிவிட்டது. ஒரு நாள் பூருல் ஒரு கோடு வரைந்தாள். இடது ஓரத்தில் வானம்வரை போய், மலைச்சரிவில் உருண்ட கல்லைப் போலக் கீழே விழுந்து, அப்புறம் தரையோடு தரையாக நீண்ட கோடு.

"இது என்னன்னு சொல்லுங்க."

"பாலா?"

"நீங்க. ஒரு நாளைக்கு வீட்டுல எத்தனை வார்த்தை பேசுறீங்கங்கற கணக்கு. கல்யாணத்தன்னிக்கு இங்கே. ஒரு வருஷத்துல இங்கே. அப்புறம் பதினெட்டு வருஷமா 'டீ எங்கே'ங்கற ரெண்டு வார்த்தையிலேயே நிக்குது."

வாத்தியார் சிரித்தார். சிரித்து முடித்த பிறகு அந்தக் கோட்டை இன்னொரு தடவை பார்த்தார். சிரிப்பு வரவில்லை. அன்று அவர் தான் கல்லூரி விடுதியில் உருளைக்கிழங்கைக் களவாடிச் சுட்ட கதையைச் சொன்னார். அவள் இதுவரை கேட்காத கதை. பூருல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த நேரம் பார்த்து மகள் பிஷ்கெக்கிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டாள். பின்னால் வாத்தியாரின் சிரிப்பைக் கேட்டு மகளின் குரல் மாறிவிட்டது.

"அம்மா, வீட்டுல யாரு?"

"உங்கப்பாதான்டி."

"பொய் சொல்லாதேம்மா."

அதைக் கேட்டு வாத்தியாருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. உள்ளே ஏதோ அரிக்கத் தொடங்கியது. இவ்வளவு நம்பிப் படிக்கிறாள். இருபத்தொன்றாம் தேதி ஊர்க்காரர்கள் முன்னால் தலை குனியப்போகிறாள். தினமும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று நினைத்தார். தினமும் அவள் டீ கொடுத்தாள். டீயைக் குடித்த வாயால் எப்படிச் சொல்வது?

இருபத்தொன்றாம் தேதி வந்தது. பூருல் நல்ல மேல்கோட்டை மாட்டிக்கொண்டு ஏழரை மணிக்கே கிளம்பினாள். "நீங்க சொன்னபடியே செய்றேன்" என்றாள். 

எட்டு மணிக்கு ஒன்பதாம் வகுப்பு. பரீட்சை நெருங்கியதால் பழைய பாடத்தைத் திரும்ப நடத்த வேண்டும். அட்டவணைப்படி அன்றைக்கு எது வர வேண்டுமோ அதுதான் வந்தது. கரும்பலகையில் வளைகோட்டை வரைந்தார். "தரையில் விழும் நிழல்..." என்று தொடங்கினார்.  முப்பது ஜோடிக் கண்கள் அவரைப் பார்த்தன. சுண்ணக்கட்டியை வைத்தார். "தரைதான். தரைதான்டா சார்பகம். யார் சொன்னாலும் மாத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு வகுப்பை விட்டே ஓடினார்.

காப்பார் இடுப்பில் கட்டிய துணியோடு வாசலில் கம்பளம் உதறிக்கொண்டிருந்தார். வாத்தியார் அவரை அப்படியே இழுத்து அவருடைய காரிலேயே தள்ளினார்.

"நிலையத்துக்கு விடுங்கண்ணே. சீக்கிரம்."

"என்ன ஆச்சு?"

"நீங்க சொன்னதைச் செஞ்சு தொலைச்சேன்."

"நான் சொன்னதையா? நான் சொன்னதை இதுவரை யாரும் செஞ்சதே இல்லையே, வாத்தியாரே" என்று காப்பார் திகைத்துப்போய் வண்டியைக் கிளப்பினார்.

பாதி தூரத்தில் மலை மேய்ச்சலுக்குப் போகிற ஆட்டு மந்தை சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. நானூறு ஆடு இருக்கும். காப்பார் ஒலி எழுப்பினார். ஆடுகள் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு வண்டியை நெருங்கி வந்தன. வாத்தியார் கதவைத் திறந்து இறங்கி, ஆடுகளுக்கு நடுவே நீந்துவது போல ஓடினார். தொப்பி எங்கோ விழுந்தது. எடுக்கவில்லை.

நிலையத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தபோது உள்ளே பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். மேஜைக்குப் பின்னால் கூட்டுறவுத் தலைவி சயிரா உட்கார்ந்திருந்தார். பூருலைக் காணோம். எழுதி முடித்துவிட்டாள் போலிருக்கிறது என்று வாத்தியாருக்கு உயிரே போயிற்று.

"சயிரா அக்கா, தாளைத் திருத்தாதீங்க" என்றார் மூச்சிரைக்க. "பூருல் மேல தப்பில்ல. நான்தான் மாத்திச் சொல்லிக் கொடுத்தேன். சுவரைத் தரைன்னு சொன்னேன், தரையைச் சுவர்னு சொன்னேன். புள்ளியையும் மாத்தினேன். அவ வேலைக்குப் போயிட்டா டீ கிடைக்காதேன்னு வேணும்னே செஞ்சேன். அவளுக்கு இன்னொரு தரம் தேர்வு வையுங்க."

 வரிசையில் நின்ற ஒருத்தி கையிலிருந்த பால் கேனை மெதுவாகக் கீழே வைத்தாள். அப்போதுதான் வாத்தியார் பார்த்தார். எல்லோர் கையிலும் கேன். ஒருத்தி கையிலும் பேனா இல்லை.

"எந்தத் தேர்வு, வாத்தியாரே?" என்று கேட்டார் சயிரா. "அது ஏப்ரல்லயே முடிஞ்சுதே. ஒன்பது பேர் எழுதினாங்க. பூருல்தான் முதல். இன்னிக்கு வேலையில சேர்ற நாள்."

உள்ளறைக் கதவு திறந்தது. பூருல் வெள்ளை மேலங்கியில் வந்தாள். கையில் மெஷின் கோடு போட்ட நீளக் காகிதம். வாத்தியாரைப் பார்த்தாள். தொப்பி இல்லாத தலையைப் பார்த்தாள். கால்சட்டையில் ஒட்டியிருந்த ஆட்டு மயிரைப் பார்த்தாள்.

"வாங்க" என்றாள், விருந்தாளியிடம் சொல்வது போல.

"ஏப்ரலா?" என்றார் வாத்தியார். 

பூருல் அவரை உள்ளறைக்குக் கூட்டிப்போய் ஒரு முக்காலியில் உட்காரவைத்தாள். "அன்னிக்கு நான் படிச்சுக்கிட்டு இருந்தது வேலைக்கு வந்த கடிதம். தேர்வு முடிஞ்சுது, வேலை கிடைச்சுது, இருபத்தொண்ணாம் தேதி சேரணும்னு சொல்ல வந்தேன். நீங்கதான் 'போதும்'னீங்க. மறுநாளும் சொல்ல வாயெடுத்தேன். அப்பவும் 'போதும்'."

"உனக்கு யாரு இதெல்லாம் சொல்லிக் கொடுத்தா?"

பூருல் அவரை விசித்திரமாகப் பார்த்தாள். "ஒன்பதாம் வகுப்புத் தாளையெல்லாம் பதினோரு வருஷமா யார் திருத்துறா?"

வாத்தியாருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. கட்டுக் கட்டாகத் தாளைக் கொண்டுவந்து அடுப்படி மேஜையில் போடுவார். மறுநாள் சிவப்பு மையில் திருத்தித் தயாராக இருக்கும். யார் திருத்துகிறார்கள் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. டீ எப்படி வருகிறதோ அப்படி அதுவும் வந்துகொண்டிருந்தது.

"முதல் நாள் நீங்க மாத்திச் சொன்னதும் நான் நடுங்கிப்போயிட்டேன்" என்றாள் பூருல். "இந்த மனுஷன் இதைத் தப்பா சொல்றார்னா மூளையில என்னமோ ஆயிடுச்சுன்னு நினைச்சேன். நர்ஸ் அக்காகிட்ட ஓடினேன். ரத்த அழுத்தம் பாரு, மூளைக்கு அக்ரூட் கொடுன்னாங்க."

"அது... மூளைக்கா?"

"பின்னே? மூணாம் நாள் நான் சரியா சொன்னப்போ உங்களுக்கு நெத்தி வேர்த்துச்சு. அப்பத்தான் இது வியாதி இல்ல, திருட்டுத்தனம்னு புரிஞ்சுது. அக்ரூட்டை நிறுத்திட்டேன்."

"தெரிஞ்சும் ஏன் தினமும் உட்கார்ந்தே?"

பூருல் காகிதத்தைச் சுருட்டினாள்.  "நீங்க என் எதிர்ல உட்கார்ந்து பொழுது போறது தெரியாம பேசினது இந்தப் பத்து நாள்தான். பாடம் தப்பா இருந்தா இருந்துட்டுப் போகுதுன்னு விட்டுட்டேன்."

அவள் திட்டியிருந்தால் வாத்தியார் தாங்கியிருப்பார்.  முக்காலியிலிருந்து எழுந்து, வரிசையில் நின்ற பெண்கள் வழிவிட, வெளியே போனார். பாதி வழியில் மந்தையைத் தாண்டி வந்த காப்பார் அவரை ஏற்றிக்கொண்டார்.  வீட்டுக்குப் போனதும் ரொட்டி மாவு பிசைவது எப்படி என்று மட்டும் சொல்லிக்கொடுத்தார்.

அன்று சாயங்காலம் பூருல் வீட்டுக்கு வந்தபோது கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. அவளுக்கு முதல் கிண்ணத்தை வாத்தியாரே ஊற்றிக் கொடுத்தார். அந்த ஊர் டீக்கு உப்புத்தான் போடுவார்கள், அதைப் போட மறந்திருந்தார். பூருல் சொல்லவில்லை. காலையிலிருந்து நடந்ததையெல்லாம் அவள் சொன்னாள். அவர் கடைசிவரை கேட்டார். நடுவில் 'போதும்' என்று சொல்லவில்லை. மாட்டை இனிமேல் தானே கறப்பதாகவும், பாலைத் தானே நிலையத்துக்குக் கொண்டுவருவதாகவும் வாக்குக் கொடுத்தார். தூய்மை முக்கியம், கேனை வெந்நீரில் மூன்று தடவை அலம்ப வேண்டும் என்று அவள் சொன்னாள். அதையும் குறித்துக்கொண்டார்.

மறுநாள் விடிகாலையில் கோங்குர் அவரை இரண்டு தடவைதான் உதைத்தது. கேனை மூன்று தடவை அலம்பினார். பெருமையாகக் கேனைத் தூக்கிக்கொண்டு போய், பன்னிரண்டு பெண்களுக்குப் பின்னால், காப்பாருக்கு முன்னால், வரிசையில் நின்றார். அவர் முறை வந்தது. பூருல் கேனைத் திறந்து பால்மானியை உள்ளே விட்டாள். அது மிதந்த மட்டத்தைக் குனிந்து பார்த்தாள். இன்னொரு தடவையும் பார்த்தாள்.

"தண்ணி கலந்திருக்கு."

"அலம்பின தண்ணிதான், கொஞ்சம் அடியில நின்னுடுச்சு போல" என்று வாத்தியார் குரலைத் தாழ்த்திக்கொண்டு கிசுகிசுத்தார். "பூருல், நான்தானே. வீட்டுல பேசிக்கலாமே."

பூருல் கேனை மூடி அவர் பக்கம் தள்ளினாள்.

"எடுத்துட்டுப் போங்க. அடுத்த ஆள் வாங்க."